செம்பு வந்த வழி

லண்டன் உலோகச் சந்தையில் செம்பின் விலை என்று உலகத்துக்கு அறிவிக்கப்படுவது பெரும்பாலும் அன்றைய விலை அன்று. மூன்று மாதம் கழித்துக் கைக்கு வரப்போகும் செம்பின் விலை அது. ஏன் மூன்று மாதம்? சிலி நாட்டுத் துறைமுகத்தில் ஏற்றிய செம்பு நீராவிக் கப்பலில் இங்கிலாந்து வந்து சேர அந்தக் காலத்தில் மூன்று மாதம் பிடித்தது. மலாயாவிலிருந்து வெள்ளீயம் வருவதற்கும் ஏறக்குறைய அவ்வளவுதான். சரக்கு கடலில் இருக்கும்போதே அதை விற்றாக வேண்டும். கரை சேர்வதற்குள் விலை விழுந்தால் அந்த அடியையும் தாங்கியாக வேண்டும். அதற்காக 1877இல் வணிகர்கள் கூடி ஒரு நிறுவனமாக அமைத்துக்கொண்ட சந்தை அது. இன்று கப்பல் வேகமாகிவிட்டது, விலை நொடிக்கு நொடி திரையில் மாறுகிறது. அந்த மூன்று மாதம் மட்டும் சந்தையை விட்டுப் போகவில்லை. எப்போதோ ஓடி முடித்த கப்பல்களின் தடம் இன்னும் விலைப்பட்டியலில் கிடக்கிறது.

செம்பைப் பற்றி நினைத்தாலே எனக்கு இந்த மூன்று மாதம்தான் முன்னால் வந்து நிற்கும். தோண்டுகிற ஊரில் செம்பை உருக்குவது குறைவு. உருக்குகிற ஊரிலேயே அது கம்பியாகி ஓடுவதும் குறைவு. பிறந்த இடம், உருவம் பெறும் இடம், உழைக்கும் இடம் என்று மூன்றுக்கும் நடுவே கடல்கள் இருக்கின்றன. மின்சாரக் கார், காற்றாலை, டேட்டா சென்டர் என்று உலகம் இன்று செம்பைத் தேடி ஓடுவதைப் பற்றித் தினமும் செய்தி வருகிறது. அந்தச் செய்திகளில் முதல் ஊரும் மூன்றாம் ஊரும் இருக்கும். நடுவில் இருக்கும் ஊர் இருக்காது. எனக்கு அந்த நடு ஊரைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். ஆனால் வரிசையாகப் போனால்தான் அது விளங்கும்.

சிலியின் வடக்கே அட்டகாமா பாலைவனம். அன்டோஃபகாஸ்டா துறைமுகத்திலிருந்து தென்கிழக்கே சுமார் 170 கிலோமீட்டர் உள்ளே, கடல் மட்டத்துக்கு மேல் 3,100 மீட்டர் உயரத்தில் எஸ்கொண்டிடா சுரங்கம் இருக்கிறது. உலகிலேயே அதிகச் செம்பு தருவது இதுதான். ஆண்டுக்குப் பத்து லட்சம் டன்னுக்கும் மேல். உலகம் தோண்டும் செம்பில் இருபதில் ஒரு பங்கு இந்த ஒரு குழியிலிருந்து வருகிறது. எஸ்கொண்டிடா என்றால் ஸ்பானிய மொழியில் ஒளிந்திருப்பது என்று பொருள். பெயர் பொருத்தமானது. மேலே கிடந்தது ஒன்றுக்கும் ஆகாததுபோல் தெரிந்த வெற்றுப் பாறை. 1981இல் டேவிட் லோவெல் என்ற நிலவியலாளரின் குழு துளையிட்டு இறங்கிப் பார்த்த பிறகே அடியில் இருந்தது தெரிந்தது. 1990 முதல் தாது வரத் தொடங்கியது.

அது அங்கே எப்படி வந்தது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பசிபிக் கடலின் தரையாக இருக்கும் நாஸ்கா தட்டு, தென் அமெரிக்காவின் அடியில் இடைவிடாமல் நுழைந்துகொண்டிருக்கிறது. ஆண்டிஸ் மலை எழுந்ததும் அங்கே எரிமலைகள் புகைவதும் அதனால்தான். 3 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு, ஆழத்தில் உருகிய பாறைக் குழம்பு மேலெழுந்து குளிர்ந்தபோது, அதிலிருந்து பிரிந்த கொதிநீர் பாறையின் வெடிப்புகளில் எல்லாம் புகுந்து ஓடியது. அந்த நீரில் செம்பு கரைந்திருந்தது, கந்தகமும் இருந்தது. நீர் ஆற ஆற இரண்டும் கைகோத்துக்கொண்டு மயிரிழை மயிரிழையாகப் பாறையில் படிந்தன. பிறகு பல லட்சம் ஆண்டுகள் பெய்த மழை மேல்பகுதியிலிருந்த செம்பைக் கரைத்துக் கீழே கொண்டுபோய்ச் சேர்த்தது. அதன்பின் நிலம் வறண்டு பாலையானது. சேர்ந்தது கலையாமல் அப்படியே நின்றது.

இதில் கந்தகத்தை மறந்துவிடக் கூடாது. செம்பும் கந்தகமும் ஒரே வயிற்றில் பிறந்தவை. கோடிக்கணக்கான ஆண்டுகள் ஒட்டிக்கிடந்த இரண்டையும் எங்கோ ஓரிடத்தில் பிரித்துத்தான் ஆக வேண்டும். செம்பைக் கம்பியாக்கி நாம் எடுத்துக்கொள்கிறோம். கந்தகம் எங்கே போகிறது என்று கேட்டுக்கொண்டே போனால் செம்பு வந்த வழி முழுதும் தெரியவரும்.

எஸ்கொண்டிடாவுக்கு வடக்கே இருக்கும் சுக்கிகமாட்டா இன்னும் பழையது. 1899இல் அங்கே ஒரு பழைய சுரங்க வழிக்குள் ஒரு மனிதரின் உடல் கிடைத்தது. தோண்டிக்கொண்டிருந்தபோது பாறை சரிந்து அடைபட்டு இறந்தவர். காலம் கி.பி. 550 வாக்கில். பாலையின் வறட்சியும் செம்பின் உப்பும் சேர்ந்து உடலைக் கெடாமல் வைத்திருந்தன. தோல் பச்சை பூத்திருந்தது. பக்கத்திலேயே கல் சுத்தியலும் கூடைகளும் இருந்தன. நம் பக்கத்தில் பல்லவர்கள் தலையெடுத்துக்கொண்டிருந்த நூற்றாண்டில் அவர் அந்தக் கூடையில் பச்சைக் கல்லை அள்ளியிருக்கிறார். பிறகு கைமாறிக் கைமாறி, தான் வெட்டிய செம்பைப் போலவே அவரும் கப்பலேறினார். இன்று நியூயார்க்கில் அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்கு உரிய பொருளாக இருக்கிறார். செம்பு மனிதர் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அவருக்குத் தாய் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும்.

அவர் இறந்த மலையை 1915இலிருந்து குகன்ஹைம் குடும்பத்து நிறுவனம் பெரிய அளவில் வெட்டியது. 1923இல் அது அனகோண்டா நிறுவனத்தின் கைக்குப் போனது. குழி நாலரைக் கிலோமீட்டர் நீளத்துக்கும் ஒரு கிலோமீட்டர் ஆழத்துக்கும் வளர்ந்தது. தொழிலாளர்களுக்கென்று கட்டிய ஊர் குழியை ஒட்டியே இருந்தது. தூசியும் புகையும் தாங்காமல், கழிவுக் கல் மேடு ஊர்மீதே ஏறிவர, 2008 வாக்கில் எல்லோரையும் கலாமா நகருக்குக் குடிமாற்றிவிட்டார்கள். செம்பு வெட்டப் பிறந்த ஊர், செம்பின் கழிவுக்கு வழிவிட்டு ஒதுங்கியது.

சிலி மக்களுக்குச் செம்பு என்பது வெறும் ஏற்றுமதிச் சரக்கு இல்லை. அதிபர் சால்வடோர் அயெந்தே அதை நாட்டின் சம்பளம் என்றார். 1971 ஜூலை 11 அன்று, பெரிய செம்புச் சுரங்கங்களை அரசுடைமை ஆக்கும் சட்டத்துக்குச் சிலி நாடாளுமன்றம் ஒருமனதாகக் கை தூக்கியது. எல்லாவற்றிலும் அடித்துக்கொண்ட கட்சிகள் அதில் மட்டும் ஒன்றுபட்டன. 1973இல் அயெந்தேயைக் கவிழ்த்து வந்த ராணுவ ஆட்சி எவ்வளவோ சொத்தைத் தனியாரிடம் திருப்பிக் கொடுத்தது. இந்தச் சுரங்கங்களைக் கொடுக்கவில்லை. 1976இல் கொடெல்கோ என்ற அரசு நிறுவனத்தின் கீழ் அவற்றைக் கொண்டுவந்தது. அந்த நிறுவனம் செம்பு விற்று ஈட்டும் வருவாயில் பத்தில் ஒரு பங்கு நேராக ராணுவத்துக்குப் போகும் ஏற்பாடு 2019 வரை சட்டத்தில் இருந்தது. செம்புக்குப் போர்த்தந்திர மதிப்பு வந்துவிட்டதாக இப்போது புதிதாகப் பேசுகிறார்கள். சிலியின் தளபதிகளுக்கு அது எப்போதோ தெரியும்.

இனி கல்லின் பின்னால் போவோம். குழிக்குள் வெடி வைத்துப் பெயர்த்த பாறையை, ஒரே நடையில் 300 டன்னுக்கு மேல் சுமக்கும் லாரிகள் மேலே கொண்டுவருகின்றன. உலகச் சுரங்கங்களின் கணக்கைச் சராசரியாகப் பார்த்தால் ஒரு டன் பாறையில் ஆறேழு கிலோ செம்பு இருக்கும். நூறு ஆண்டுக்கு முன்பு இதைப்போல் இரண்டு மூன்று மடங்கு இருந்தது. கொழுத்த தாது தீர்ந்துவிட்டது. அதே கம்பிக்கு இன்று அதிக மலையை உடைக்க வேண்டியிருக்கிறது. அதிக மின்சாரமும் நீரும் வேண்டும். உடைத்த பாறையை மாவாக அரைத்து, நீரில் கலக்கி, நுரை கிளப்புகிறார்கள். செம்புத் துகள் நுரைக் குமிழியில் ஒட்டி மேலே வருகிறது, மண் அடியில் தங்குகிறது. நுரையை வழித்து உலர்த்தினால் ஒரு கரும்பொடி. தொழிலில் இருப்பவர்கள் கான்சன்ட்ரேட் என்பார்கள். அதில் செம்பு கால் பங்குக்குச் சற்றே மேல். ஏறக்குறைய அதே அளவு கந்தகம், பிறகு இரும்பு, கொஞ்சம் ஆர்சனிக், துளி தங்கமும் வெள்ளியும்.

எஸ்கொண்டிடாவில் இரண்டு குழாய்வழிகள் இருக்கின்றன. ஒன்றில் இந்தக் கரும்பொடி சேறாகக் கரைந்து, மலையிலிருந்து கொலோசோ துறைமுகத்துக்கு இறங்குகிறது. இன்னொன்றில் கடல்நீர் உப்பு நீக்கப்பட்டு, 180 கிலோமீட்டர் தூரமும் 3,200 மீட்டர் உயரமும் மேலே ஏறுகிறது. சுரங்கம் பல ஆண்டுகளாகப் பாலைவனத்தின் நிலத்தடி நீரை உறிஞ்சியது. உப்புப் படுகைகளின் ஓரத்தில் இருந்த ஈரநிலங்களை நம்பி வாழ்ந்தவர்கள் அங்கத்திய ஆதிகுடிகள். அவர்களும் நீதிமன்றங்களும் நெருக்கிய பிறகு, நொடிக்கு 2,500 லிட்டர் நன்னீர் தரும் ஆலையைக் கடற்கரையில் கட்டினார்கள். செலவு 340 கோடி டாலர். 2020 முதல் அந்தச் சுரங்கம் கடல்நீரில்தான் ஓடுகிறது. பசிபிக் பெருங்கடலை மலைமேல் ஏற்றித்தான் செம்பைக் கீழே இறக்குகிறார்கள். விலை கட்டாயப்படுத்தினால், மக்களும் கட்டாயப்படுத்தினால், முடியாது என்று சொன்ன வேலை முடிகிறது என்பதற்கு அந்த இரண்டு குழாய்களைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை. இதைப் பிறகு ஓரிடத்தில் நினைத்துக்கொள்ள வேண்டும்.

கொலோசோவில் கரும்பொடி கப்பலேறுகிறது. இங்கேதான் நடு ஊர் வருகிறது.

பொடியை உலையில் இட்டு 1,200 டிகிரிக்கு மேல் சூடேற்றினால் கந்தகம் தீப்பிடித்து எரிந்து பிரிகிறது. அந்தத் தீயே உலைக்குப் பாதி விறகு. இரும்பு கசடாகிறது. அடியில் சேரும் உலோகத்தில் மறுபடியும் காற்றை ஊதினால் மிச்சக் கந்தகமும் போகும். கடைசியில் வார்க்கும் தகடு 99 சதவீதத்துக்கு மேல் சுத்தம். மின்சாரத்துக்கு அது போதாது. அந்தத் தகட்டை அமிலத் தொட்டியில் தொங்கவிட்டு மின்னோட்டம் செலுத்தினால், செம்பு அணு அணுவாக அதை விட்டுக் கழன்று எதிரே தொங்கும் தகட்டில் போய் ஒட்டும். தங்கம், வெள்ளி, செலினியம் எல்லாம் தொட்டியின் அடியில் வண்டலாக நிற்கும். இப்படிக் கிடைக்கும் கேத்தோடு 99.99 சதவீதச் செம்பு. அப்போதுதான் அது செம்பாகப் பிறக்கிறது என்று சொல்வேன். மலையில் இருந்தது கல். கப்பலில் வந்தது பொடி.

பிரிந்த கந்தகம் சல்பர் டை ஆக்சைடு என்ற வாயுவாகப் புகைபோக்கிக்கு வருகிறது. அதைப் பிடித்து அமிலமாக்கினால் சரக்கு. விட்டால் ஊரின் மூச்சில் கலக்கும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நடு ஊரின் பெயர் ஸ்வான்சி. வேல்ஸ் நாட்டில் இருக்கிறது. தாதுவை உருக்க அதைப்போல் பல மடங்கு நிலக்கரி வேண்டியிருந்ததால், நிலக்கரி இருந்த இடத்துக்குத் தாதுவைக் கொண்டுபோனார்கள். கேப் ஹார்ன் முனையின் புயலைச் சுற்றிக்கொண்டு சிலித் தாது ஸ்வான்சிக்கு வந்தது. அந்தக் கடலோடிகளைப் பற்றி ஊரில் இன்றும் பெருமையாகப் பேசுவார்கள். உலகச் செம்பில் பெரும்பங்கு அந்த ஒரு பள்ளத்தாக்கில் உருகிய காலம் இருந்தது. செம்புமாநகர் என்று அதற்குப் பட்டப்பெயர். கந்தகப் புகையில் பக்கத்துக் குன்றுகளில் புல்கூட முளைக்கவில்லை. 1830களில் விவசாயிகள் கோர்ட்டுக்குப் போனார்கள், புகை நிற்கவில்லை. உலைகள் மூடிப் பல பத்தாண்டுகள் கழித்து, 1960களில் அறிவியலாளர்களும் ஊர்மக்களும் சேர்ந்து அந்த மண்ணை மீட்க வேண்டியிருந்தது.

இந்தக் கதை முடிந்துபோன கதை என்று நினைக்க முடியாதபடி 2018ஆம் ஆண்டு வந்தது. அந்த ஓர் ஆண்டில் மூன்று நடு ஊர்களில் நடந்ததை அருகருகே வைத்துப் பார்க்கிறேன்.

தூத்துக்குடியில் இருந்த ஸ்டெர்லைட் உருக்காலை முதலில் மகாராஷ்டிராவின் ரத்னகிரியில் கட்டப்படத் தொடங்கியது. அங்கே மக்கள் ஏற்கவில்லை. 1990களின் நடுவில் இங்கே வந்தது. வெளிநாட்டுத் தாதுப்பொடி துறைமுகத்தில் இறங்கி ஆலைக்குப் போகும், செம்பாகி வெளியேறும். ஆண்டுக்கு 4 லட்சம் டன், இந்தியா உருக்கிய செம்பில் ஏறக்குறைய 40 சதவீதம். கண் எரிச்சல், மூச்சுத்திணறல், நிலத்தடி நீர் கெட்டது என்ற புகார்கள் ஆலை தொடங்கிய நாளிலிருந்தே உண்டு. 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், ஆலை ஓடலாம் என்று சொன்ன அதே தீர்ப்பில், சுற்றுச்சூழலுக்கு நேர்ந்த கேட்டுக்காக 100 கோடி ரூபாய் கட்டச் சொன்னது. நிறுவனம் குற்றச்சாட்டுகளைத் தொடர்ந்து மறுத்துவந்தது. விரிவாக்கத் திட்டம் வந்ததும் ஆலையை ஒட்டிய குமரெட்டியாபுரத்து மக்கள் அதை எதிர்த்துப் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். நூறாவது நாள், 2018 மே 22. கலெக்டர் அலுவலகத்தை நோக்கிக் கூட்டம் கூட்டமாகப் போனவர்கள்மீது போலீஸ் சுட்டது. 13 பேர் உயிரிழந்தார்கள், அவர்களில் பதின்வயதுப் பெண்பிள்ளை ஒருத்தியும் இருந்தாள். ஆறாம் நாள் அரசு ஆலையை மூடியது. சென்னை உயர் நீதிமன்றம் 2020இலும் உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரியிலும் அந்த மூடலை உறுதிசெய்தன.

அதே 2018 ஆகஸ்டில், சிலியின் மத்தியக் கடற்கரையில் கிண்டெரோ, புச்சுன்காவி என்ற இரண்டு ஊர்களில் நூற்றுக்கணக்கானோர் வாந்தியும் தலைவலியும் மயக்கமுமாக ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் செல்லப்பட்டார்கள். அவர்களில் பலர் பள்ளிப் பிள்ளைகள். அந்த ஊர்களை ஒட்டிய தொழிற்பேட்டையில் எண்ணெய் நிலையங்களும் அனல்மின் நிலையங்களும் இருக்கின்றன. 1964 முதல் புகைந்துவந்த வென்டானாஸ் செம்பு உருக்காலையும் இருந்தது. 2011லேயே அங்கே லா கிரேடா பள்ளியில் பிள்ளைகள் வாயுவில் மயங்கிவிழ, பள்ளிக்கூடத்தையே வேறிடத்துக்கு மாற்றியிருந்தார்கள். அந்தக் கடற்கரையைச் சிலி மக்கள் பலிகொடுத்த நிலம் என்று அழைக்கிறார்கள். உருக்காலையின் முதலாளி யாரோ வெளிநாட்டான் இல்லை. நாட்டின் சம்பளத்தைக் காக்கும் கொடெல்கோதான். பிள்ளைகள் திரும்பத் திரும்பப் பாதிக்கப்பட்ட பிறகு, 2022இல் மூடுகிறோம் என்று அறிவித்து, 2023 மே மாத இறுதியில் உலையை அணைத்தார்கள். உலகிலேயே அதிகச் செம்பு தோண்டும் நாடு தன் உலை ஒன்றைத் தானே அணைத்தது.

மூன்றாவது ஊர் ஜெர்மனியின் ஹாம்பர்க். அங்கே அவுரூபிஸ் நிறுவனத்தின் செம்பு உருக்காலை நகரத்துக்கு உள்ளேயே, எல்ப் ஆற்றின் கரையில் இருக்கிறது. 2018 அக்டோபரில் அந்த ஆலையிலிருந்து ஒரு குழாய் நகரத்தின் ஹாஃபன்சிட்டி குடியிருப்புக்குப் போனது. அதில் போவது சூடு. சல்பர் டை ஆக்சைடு வாயுவைப் பிடித்து அமிலமாக மாற்றும்போது வெப்பம் கிளம்பும். அந்த வெப்பத்தை நீரில் ஏற்றி, குளிர்காலத்தில் வீடுகளைக் கதகதப்பாக்க அனுப்புகிறார்கள். தூத்துக்குடியில் கண்ணை எரித்த அதே வாயு.

இந்த மூன்றையும் சேர்த்து நினைக்கும்போது எனக்கு ஆற்றமாட்டாத வருத்தம் வருகிறது. தூத்துக்குடிக்காரர்கள் வளர்ச்சிக்கு எதிரிகள் என்று இன்றும் எழுதுகிறார்கள். 2018-19இல் இந்தியா பதினெட்டு ஆண்டுகளுக்குப் பிறகு முதன்முறையாகச் செம்பை ஏற்றுமதியைவிட அதிகமாக இறக்குமதி செய்யும் நாடானது என்பதை எடுத்துக்காட்டுவார்கள். கணக்கு சரி. அந்தக் கணக்கை நூறு நாள் வெயிலில் உட்கார்ந்திருந்தவர்கள் மேல் எழுதுவதுதான் அநியாயம். கந்தகத்தைப் பிடிக்க வழி இல்லாமல் இல்லை. காசு செலவாகும், இடைவிடாத அளவீடு வேண்டும், அளந்ததை மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும், மீறினால் உடனே நிறுத்தும் அதிகாரி வேண்டும். கடலை மலைமேல் ஏற்றத் தெரிந்த தொழிலுக்கு இது பெரிய வேலையா? அட்டகாமாவில் நீருக்காக 340 கோடி டாலர் எடுத்துவைத்த உலகம், நடு ஊரின் காற்றுக்காக எடுத்துவைக்கவில்லை.

உலைகள் ஓரிடத்தில் அணைந்தால் இன்னோரிடத்தில் எரியும். இன்று அந்த இடம் சீனா. உலகம் தோண்டும் செம்பில் சீனாவின் சொந்தச் சுரங்கங்கள் தருவது பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. உருக்கிச் சுத்தம் செய்வதில் பாதியை நெருங்குகிறது. பயன்படுத்துவதில் பாதியைத் தாண்டிவிட்டது. 2024இல் மட்டும் 2 கோடியே 80 லட்சம் டன் தாதுப்பொடியை இறக்கியது. எஸ்கொண்டிடாவின் கப்பல் இப்போது ஸ்வான்சியைப் பார்த்துப் போவதில்லை, கிழக்கே போகிறது. மற்ற நாடுகள் வேண்டாம் என்று ஒதுக்கிய அழுக்கு வேலையைச் சீனா தன் மக்களின் மூச்சை விலையாகக் கொடுத்து எடுத்துக்கொண்டது. அந்த வேலையோடு பிடியும் அதன் கைக்குப் போனது.

அந்தப் பிடி எவ்வளவு இறுகிவிட்டது என்பதை உருக்குக் கூலியில் பார்க்கலாம். தாதுப்பொடியை உருக்கித் தர ஆலை வாங்கும் கூலி 2024 ஆண்டு ஒப்பந்தத்தில் டன்னுக்கு 80 டாலர். 2025க்கு 21 டாலர் 25 சென்ட். உடனடிச் சந்தையில் அது பூஜ்யத்துக்கும் கீழே இறங்கியது. வேலை செய்தவர் வேலை கொடுத்தவருக்குக் காசு கொடுக்கும் நிலை. உலைகள் அதிகம், தாது குறைவு. பனாமாவில் நீதிமன்றத் தீர்ப்பால் 2023இல் ஒரு பெரும் சுரங்கம் நின்றது; 2025இல் இந்தோனேசியாவின் கிராஸ்பெர்க்கில் சேறு பாய்ந்து ஏழு பேர் இறந்தார்கள்; அதே ஆண்டு சிலியின் எல் தெனியென்தேயில் நில அதிர்வில் சுரங்கம் இடிந்து ஆறு பேர். ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுக்கு முன் சுக்கிகமாட்டாவில் நடந்ததுதான். இந்தத் தட்டுப்பாட்டிலும் சீன உலைகள் அணையாமல் இருக்க ஒரு காரணம், வண்டலில் கிடைக்கும் தங்கம். இன்னொரு காரணம், கந்தக அமிலத்துக்கு வந்த நல்ல விலை. வேண்டாத பிள்ளையாகப் புகைபோக்கியில் விரட்டப்பட்ட கந்தகம் இன்று குடும்பத்தைக் காப்பாற்றுகிறது.

அமெரிக்கா இதைத் தாமதமாகக் கவனித்தது. அங்கே சுரங்கங்கள் உண்டு. தாதுவை உருக்கும் பெரிய ஆலைகள் ஓடுவது இரண்டே இரண்டு. 2025 ஜூலையில் அதிபர் டிரம்ப் செம்புக்கு 50 சதவீதச் சுங்கம் என்று அறிவித்தார். கெடுவுக்கு முன் கரைசேர உலகெங்கிலும் இருந்து செம்பு அமெரிக்கத் துறைமுகங்களுக்கு ஓடியது. மாதக் கடைசியில் சுத்தச் செம்புக்கு விலக்கு, கம்பி குழாய் போன்றவற்றுக்கு மட்டுமே வரி என்றார்கள். நியூயார்க்கில் விலை ஒரே நாளில் 20 சதவீதத்துக்கு மேல் சரிந்தது. ஆண்டு முடிவதற்குள் லண்டனில் டன் 12,000 டாலரைத் தொட்டது. இந்தியா 2023இலேயே செம்பை அரிய முக்கியக் கனிமங்களின் பட்டியலில் சேர்த்திருக்கிறது; தாதுவில் பெரும்பகுதி வெளியிலிருந்து வர வேண்டியிருப்பதால், 2025இல் சிலியுடன் வர்த்தக ஒப்பந்தம் பேசியது. 2024இல் குஜராத்தின் முந்த்ராவில் ஆண்டுக்கு 5 லட்சம் டன் உருக்கும் புதிய ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. அந்தக் கடற்கரையிலும் ஊர்கள் இருக்கின்றன.

வேறு உலோகம் வைத்துக்கொள்ளக் கூடாதா என்று கேட்கலாம். உயரக் கோபுரங்களில் போகும் மின்கம்பி ஏற்கெனவே அலுமினியம்தான். இடம் நெருக்கடியான இடத்தில்தான் செம்பை விட முடியாது. ஒரே பருமனில் அலுமினியம் கடத்துவது செம்பு கடத்தும் மின்சாரத்தில் 60 சதவீதம். மோட்டாரின் காடிக்குள், காரின் வயிற்றுக்குள், கம்பியைத் தடிக்கவைக்க இடமேது? செம்பைவிட நன்றாகக் கடத்தும் உலோகம் வெள்ளி ஒன்றுதான். அதையும் ஒருமுறை செய்து பார்த்திருக்கிறார்கள். இரண்டாம் உலகப்போரில், ஓக் ரிட்ஜில் அணுகுண்டுக்கு யுரேனியத்தைப் பிரிக்கும் மின்காந்தங்களுக்குச் சுற்றச் செம்பு கிடைக்கவில்லை. அமெரிக்கக் கருவூலத்திலிருந்து 14,000 டன்னுக்கு மேல் வெள்ளியைக் கடனாக வாங்கிக் கம்பியாக்கிச் சுற்றினார்கள். 1943இல் ஒரு சென்ட் காசையே எஃகில் அடித்தார்கள். வெள்ளியைக் கொடுத்துச் செம்பை மிச்சம் பிடித்த ஆண்டுகள் அவை.

கேத்தோடு தகட்டை மறுபடி உருக்கி 8 மில்லிமீட்டர் ராடாக இழுக்கிறார்கள். ராடை அச்சுத் துளைகள் வழியாக இழுத்து இழுத்து நூலாக்கி, மேலே எனாமல் பூசி உருளையில் சுற்றினால் வைண்டிங் கடைக்கு வந்துவிடும்.

கோவில்பட்டிப் பக்கம் எங்கள் கிணற்று மோட்டார் போன கோடையில் நின்றுபோனது. 5 எச்.பி. மோனோபிளாக். லோ வோல்டேஜில் ஓட்டி ஓட்டி, காயில் கருகிவிட்டது. வைண்டிங் கடை அண்ணாச்சி மூடியைக் கழற்றியதும் வார்னிஷ் எரிந்த நெடி கடை முழுதும் நின்றது. பழைய காயிலின் தலையை வெட்டி, சூடு காட்டி இளக்கி, கொறடால் பிடுங்கி எடுத்தார். கறுத்த கம்பி, வெட்டின முனையில் மட்டும் புதுச் சிவப்பு.

"காப்பர்தானா, அலுமினியமா அண்ணாச்சி?" என்றேன். மலிவு மோட்டார்களில் அலுமினியம் சுற்றிவிடுகிறார்கள்.

"காப்பர்தான் தம்பி. பழைய மோட்டாருல்ல."

பக்கத்துத் தோட்டங்களில் கேபிள் திருட்டு அதிகமாகிவிட்டதைச் சொன்னார். ராத்திரியில் கிணற்றுக்குள் போகும் வயரையே அறுத்துக்கொண்டு போய்விடுகிறார்களாம், விலை அப்படி. பழைய காயிலைத் தராசில் வைத்தார். நாலு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. சுற்றுகூலியில் அதைக் கழித்துக்கொண்டு, கம்பியைச் சாக்குக்குள் திணித்தார். சாக்கில் ஏற்கெனவே பாதி இருந்தது.

"இது எங்க போகும் அண்ணாச்சி?"

"பழைய காப்பர் எடுக்கிறவர் வருவார். உருக்கத்தான் கொண்டுபோறாங்க."

"எந்த ஊர்ல உருக்குறாங்க?"

அவர் புதுக் கம்பியின் உருளையைக் கையில் எடுத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தார். அவருக்குத் தெரியவில்லை.